மொரிஷியஸா, ஃபிஜியா? ஆலை உற்பத்தியை ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எத்தனையோ தீவுகள் இருக்க, இந்த இரண்டை ஏன் சேர்த்து வைத்துப் பார்க்கிறார்கள்?

பழைய கதை ஒன்றாக இருப்பதால். இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் கரும்புக்காக உழுது புரட்டப்பட்ட மண். மொரிஷியஸுக்கு 1834 முதலும் ஃபிஜிக்கு 1879 முதலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். மொரிஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இன்றும் இருக்கிறது. விடுதலைக்குப் பின் இரு நாடுகளும் ஐரோப்பாவுக்குச் சலுகை விலையில் சர்க்கரை விற்றன. இரண்டும் வரிச்சலுகை தந்து ஆடைத் தொழிற்சாலைகளை வரவழைத்தன: மொரிஷியஸ் 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டத்தோடு, ஃபிஜி 1987 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பின் வரியில்லாத் தொழிற்சாலைத் திட்டத்தோடு. இரண்டிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை கிடையாது. அது இருக்கும் தீவுகளில் எண்ணெய் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் உற்பத்திக் கணக்கு துள்ளும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சர்க்கரை அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மக்கள்தொகை மொரிஷியஸில் ஏறத்தாழ 12.6 லட்சம், ஃபிஜியில் 9 லட்சம் அளவு. நிலப்பரப்பு நேர்மாறு: மொரிஷியஸ் சுமார் 2,040 சதுர கி.மீ., ஃபிஜி 18,270 சதுர கி.மீ.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எங்கே உற்பத்தி அதிகம்?

மொரிஷியஸில். கொரோனாவுக்கு முன்பும் பின்பும், நடப்பு டாலர் மதிப்பில், ஃபிஜியைப் போல மூன்று மடங்கு என்ற அளவில் நிற்கிறது. தலைக்கு வகுத்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இதை வரிசை அறிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த விலை, எந்த நாணய மாற்று என்று சொல்லாமல் ‘3.1 மடங்கு’ என்று புள்ளி வைத்து எழுதினால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்துக்குப் பொருளே இல்லை.

‘உற்பத்தி’ என்று எந்தத் தொகையை எடுக்க வேண்டும்?

கூட்டிய மதிப்பை. ஆலை விற்ற சரக்கின் மதிப்பிலிருந்து, அதைச் செய்ய வெளியே வாங்கிய மூலப்பொருள், மின்சாரம், எரிபொருள், போக்குவரத்து, வெளி ஆட்களின் சேவை எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது அது. கூலியும் தேய்மானமும் லாபமும் அதற்குள் இருக்கும், கூலியைக் கழித்துவிடாதீர்கள். புதிதாகக் கணக்கெடுப்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு ஆடைத் தொழிற்சாலைகள், இரண்டும் ஆண்டுக்கு 100 ரூபாய்க்குச் சட்டை விற்கின்றன. ஒன்று துணியை இறக்குமதி செய்து வெட்டித் தைக்கிறது. துணி, பொத்தான், மின்சாரம் எல்லாம் சேர்ந்து 72 போய்விட்டது, மிச்சம் 28. மற்றொன்று நூலை வாங்கித் தானே பின்னி, சாயமேற்றித் தைக்கிறது. வெளியே போனது 55, மிச்சம் 45. விற்றுமுதலைப் பார்த்தால் இரண்டும் சமம். நாட்டுக்கு நின்றது 28-ம் 45-ம். இறக்குமதி மூலப்பொருளை நம்பி நிற்கும் சின்னத் தீவுகளில் விற்றுமுதல் இப்படித்தான் கண்ணைக் கட்டும்.

துறைக்குள் எது வரும், எது வராது?

ஐ.நா.வின் தொழில் வகைப்பாட்டில் (ஐசிக், நான்காம் திருத்தம்) ‘சி’ பிரிவு, 10 முதல் 33 வரையிலான உட்பிரிவுகள். கரும்பு விளைவிப்பது வேளாண்மை. அதைப் பிழிந்து சர்க்கரையாக்குவது ஆலை உற்பத்தி. சூரை மீன் பிடிப்பது மீன்பிடித் தொழில். மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலும் ஃபிஜியின் லெவுக்காவிலும் அதை வேகவைத்து, முள் நீக்கி, டின்னில் அடைப்பதோ துண்டமாக்குவதோ ஆலை உற்பத்தி. ஃபிஜியின் வட்டுகௌலா தங்கச் சுரங்கம் சேராது. ஊற்று நீரைப் பாட்டிலில் அடைப்பது சேரும். குழாய் நீர் வழங்கல் சேராது. கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம் 35-ஆம் பிரிவு, எனவே வெளியே. அது சர்க்கரை ஆலை வளாகத்துக்குள்ளேயே நடந்தாலும், தனிக் கணக்கு வைத்திருந்தால் பிரித்துவிட வேண்டும். மொரிஷியஸில் இது சின்ன விஷயம் இல்லை.

உலக வங்கித் தரவில் ‘தொழில் துறை’ என்று ஒரு வரிசை, ‘ஆலை உற்பத்தி’ என்று ஒரு வரிசை, இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். முதலாவதில் சுரங்கம், மின்சாரம், நீர், கட்டுமானம் எல்லாம் அடக்கம். ஒரு நாட்டுக்கு ஒன்றையும் மறு நாட்டுக்கு மற்றொன்றையும் எடுத்துவிட்டு, வித்தியாசம் இவ்வளவு பெரிதா என்று வியந்தவர்கள் உண்டு.

சர்க்கரையைத் தனியே பிரிக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ஐரோப்பியச் சமூகமும் அதன் முன்னாள் காலனி நாடுகளும் 1975-ல் செய்த லோமே ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை உடன்படிக்கை, ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் மொரிஷியஸ் 4,87,200 டன்னும் ஃபிஜி 1,63,600 டன்னும் அனுப்பலாம் என்றது. விலை உலகச் சந்தை விலை அல்ல, ஐரோப்பிய உள்நாட்டு விலையை ஒட்டியது. பல ஆண்டுகளில் உலக விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆக, அந்த நாட்களின் ‘உற்பத்தி’யில் ஒரு பகுதி ஆலை செய்த வேலை, ஒரு பகுதி ஒப்பந்தம் தந்த கொடை. 2006 தொடங்கி ஐரோப்பிய ஒன்றியம் கச்சாச் சர்க்கரையின் உறுதி விலையை டன்னுக்கு 523.7 யூரோவிலிருந்து படிப்படியாக 335.2 யூரோவுக்கு, அதாவது 36 சதவீதம் குறைத்தது. உடன்படிக்கையே 2009 செப்டம்பரோடு முடிந்தது.

இது கூட்டிய மதிப்பை என்ன செய்யும்? ஃபிஜியில் விற்பனை வருவாய் பெரும்பாலும் விவசாயிக்கு 70, ஆலைக்கு 30 என்ற விகிதத்தில் பிரியும். வருவாய் 100 என்றால் ஆலைக்கு 30. அதில் ரசாயனம், உதிரி பாகம், எரிபொருள், சரக்குப் போக்குவரத்துக்கு 12 போவதாக வைத்துக்கொள்வோம் (12 என்பது என் உதாரண எண்). கூட்டிய மதிப்பு 18. இப்போது விலை 36 சதவீதம் விழுகிறது: வருவாய் 64, ஆலைக்கு 19.2, அந்தச் செலவு 12 அப்படியே, மிச்சம் 7.2. டன் கணக்கில் ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. நடப்பு விலைக் கணக்கில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில், ஆலையின் உற்பத்தி 60 சதவீதம் மறைந்துவிட்டது. எல்லா ஆண்டையும் ஓர் அடிப்படை ஆண்டின் விலையிலேயே மதிப்பிடும் நிலையான விலைக் கணக்கிலோ எதுவுமே நடக்கவில்லை. இரண்டு வரிசையும் சரி. எதை எடுத்தோம் என்று சொல்லாமல் எழுதுவதுதான் தவறு.

மொரிஷியஸில் நெடுங்காலம் விகிதம் 78-க்கு 22. அதோடு அங்கே ஆலை நிறுவனங்களே பெரிய தோட்டங்களையும் வைத்திருக்கின்றன. ஒரே நிறுவனம் விளைவித்துப் பிழியும்போது வேளாண்மைக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்பது புள்ளிவிவரத் துறை போடும் கோடு. சந்தையில் நடந்த விற்பனை அல்ல. ஃபிஜியில் கரும்பு பெரும்பாலும் சிறு குத்தகை விவசாயிகளுடையது, அங்கே கோடு தானாக விழுந்துவிடும். ஒரே டன் சர்க்கரை இரண்டு நாட்டிலும் வெவ்வேறு அளவில் ‘ஆலை உற்பத்தி’ ஆவதற்கு இதுவே காரணம்.

சர்க்கரை எவ்வளவு குறைந்திருக்கிறது?

மொரிஷியஸ் 1970-களில் ஆண்டுக்கு 7 லட்சம் டன்னைத் தாண்டியது. ஃபிஜி 1994-ல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது, இப்போது 2 லட்சம் டன்னுக்கும் கீழே. காரணங்கள் ஒன்றல்ல. ஃபிஜியில் 30 ஆண்டு நிலக் குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கின. புதுப்பிக்காத நிலங்களிலிருந்து விவசாயிகள் வெளியேறினார்கள். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் ராகிராகியில் இருந்த பெனாங் ஆலையை அடித்தது, அது திரும்பத் திறக்கவில்லை. லவுட்டோகா, பா ஊரின் ரராவை, லம்பாசா என மூன்று மிஞ்சின. மொரிஷியஸிலும் ஆலைகள் ஒன்றுசேர்ந்து மூன்றாகிவிட்டன. ஆனால் அங்கே 2009-க்குப் பின் கச்சாச் சர்க்கரைக்குப் பதிலாகச் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையும் சிறப்புப் பழுப்புச் சர்க்கரைகளும் போகின்றன. டன் குறைந்தாலும் ஒரு டன்னில் கூடும் மதிப்பு ஏறியது. எனவே டன்னை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் முழுமையில்லை.

எல்லாவற்றையும் டாலரில் மாற்றி ஒப்பிட்டால் என்ன?

ஓராண்டின் அளவை அறிய மாற்றலாம். வளர்ச்சியை அளக்க மாற்றக் கூடாது.

2009 ஏப்ரலில் ஃபிஜி தன் டாலரின் மதிப்பை 20 சதவீதம் குறைத்தது. அதற்கு முன்னும் பின்னும் ஓராண்டை எடுத்து, உள்நாட்டு நாணயத்தில் உற்பத்தி 5 சதவீதம் ஏறியதாகக் கொண்டால்: 1.05 × 0.80 = 0.84. அமெரிக்க டாலரில் 16 சதவீத வீழ்ச்சி. மொரிஷியஸ் ரூபாய் 2019-ல் டாலருக்கு 35 அளவில் இருந்தது, 2023-ல் 45 அளவில். ரூபாயில் அசையாமல் நின்ற தொழில்கூட டாலரில் 22 சதவீதம் சுருங்கியிருக்கும். ஃபிஜி 1987-லும் 1998-லும்கூட மதிப்பைக் குறைத்திருக்கிறது. நீண்ட டாலர் வரைபடத்தில் இந்தப் பள்ளங்களைப் பார்த்து ‘தொழில் நசிந்தது’ என்று எழுதிவிட வேண்டாம். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த ஆண்டுகளில் மதிப்புக் குறைப்பும் நிஜமான நசிவும் கலந்தே இருக்கும், அப்போது உள்நாட்டு நாணய வரிசைதான் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று: ஃபிஜியின் அட்டவணையில் ‘டாலர்’ என்றால் ஃபிஜி டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.2 ஃபிஜி டாலர். கவனிக்காமல் நகலெடுத்தால் ஃபிஜி இரண்டு மடங்குக்கு மேல் வீங்கிவிடும்.

வாங்கும் திறன் சமநிலை விகிதம் சரிவராதா?

ஆலை உற்பத்திக்கு அவ்வளவு பொருந்தாது. ஒரே பொருட்களை இரு நாட்டிலும் வாங்க ஆகும் செலவை ஒப்பிட்டுப் போடும் நாணய மாற்று அது; முடிவெட்டு, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அடங்கிய மொத்தச் செலவுக்காகக் கணக்கிடப்பட்டது. ஏற்றுமதிச் சட்டைக்கும் டின் மீனுக்கும் உலக விலைதான்.

நிலையான விலை வரிசையில் என்ன கவனிக்க வேண்டும்?

அடிப்படை ஆண்டு இரு நாட்டுக்கும் ஒன்றாக இருக்காது. நிலையான விலைத் தொகையை நேராக அருகருகே வைக்காமல், ஒவ்வொன்றையும் ஒரே ஆண்டில் 100 ஆக்கிக் குறியீடாக மாற்றுங்கள். அந்த ஆண்டு சாதாரண ஆண்டாக இருக்கட்டும்: 2009, 2016, 2020, 2021 வேண்டாம். சங்கிலி முறையில் (ஒவ்வோர் ஆண்டையும் முந்தைய ஆண்டின் விலையில் அளந்து கோத்துக்கொண்டே போவது) கணக்கிட்ட வரிசை என்றால் சர்க்கரை, உணவு, ஆடை, பிற என்ற உட்பிரிவுகளைக் கூட்டினால் மொத்தம் வராது. அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். ‘சர்க்கரை நீங்கலாக’ வேண்டும் என்றால் நடப்பு விலையில் கழித்துவிட்டு, வளர்ச்சி வீதத்தை முந்தைய ஆண்டின் பங்கால் எடையிட்டுப் பெற வேண்டும்.

மொத்த உற்பத்தியில் ஆலைத் துறையின் பங்கு ஓரிடத்தில் 13 சதவீதம், வேறிடத்தில் 11 சதவீதம் என்கிறார்களே?

கீழே வகுக்கும் எண் வேறு. நாட்டுப் புள்ளிவிவரத் துறை பெரும்பாலும் அடிப்படை விலையிலான (பொருள் மீதான வரிகள் சேராத) மொத்தக் கூட்டிய மதிப்பால் வகுக்கும். உலக வங்கி சந்தை விலையிலான மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுக்கும். அதில் மதிப்புக் கூட்டு வரியும் சுங்கமும் சேர்ந்திருக்கும். இந்த வரிகள் 12 சதவீதம் என்றால் 13 × 0.88 = 11.4. தொழில் ஒன்றும் குறையவில்லை.

பங்கு பற்றி இன்னொரு எச்சரிக்கை. 2020-ல் சுற்றுலா படுத்தது. மொரிஷியஸின் பொருளாதாரம் ஏறத்தாழ 15 சதவீதமும் ஃபிஜியினுடையது 17 சதவீதமும் சுருங்கின. ஹோட்டல்கள் மூடிக் கிடந்த ஆண்டில், ஆலைகள் 10 சதவீதம் குறைவாக ஓடியிருந்தால்கூட அவற்றின் பங்கு ஏறித்தான் தெரியும். பங்கு என்பது மற்றவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லும் எண். மொரிஷியஸில் 1980-களின் கடைசியில் ஆலைத் துறையின் பங்கு நான்கில் ஒன்றை நெருங்கியது. பிறகு பாதியாகக் குறைந்ததற்கு ஆடைத் தொழில் தளர்ந்தது ஒரு காரணம் என்றால், வங்கி, சுற்றுலா, கணினிச் சேவைகள் வளர்ந்தது இன்னொரு காரணம்.

ஏற்றுமதி எண்களை வைத்து மதிப்பிடலாமா?

குறுக்கு வழியாக உதவும், ஆனால் மறு ஏற்றுமதியைக் கழிக்காமல் தொடாதீர்கள். மொரிஷியஸில் 1992 முதல் சுதந்திரத் துறைமுக மண்டலம் இயங்குகிறது; வந்த சரக்கு தொடப்படாமலே வெளியே போகும். ஃபிஜி எண்ணெயை இறக்கி, பக்கத்துத் தீவுகளுக்கும் விமானங்களுக்கும் விற்கிறது. அது ‘ஏற்றுமதி’ வரிசையில் பெரிய தொகையாக நிற்கும், ஆனால் அங்கே ஒரு சொட்டும் உற்பத்தியாகவில்லை. ‘உள்நாட்டு ஏற்றுமதி’ என்ற நிரலை எடுங்கள். சுங்கக் குறியீடுகளில் சர்க்கரை 1701, பதனிட்ட மீன் 1604, பாட்டில் நீர் 2201, பின்னலாடை 61-ஆம் அத்தியாயம், நெய்த துணியாடை 62. மொரிஷியஸின் மாதக் கணக்கில் ‘ஏற்றுமதி சார்ந்த நிறுவனங்கள்’ என்றொரு தொகுப்பும் வரும். பழைய ஏற்றுமதி மண்டலத்தின் வாரிசு அது. ஆடை, மீன், நகை எல்லாம் அதற்குள் குறுக்கே ஓடுவதால், அதையும் தொழில்வாரிப் பட்டியலையும் கூட்டினால் ஒரே சரக்கு இரண்டு முறை விழும்.

ஆடைத் தொழிலை ஒப்பிடுவதில் தனிச் சிக்கல் உண்டா?

மூன்று உண்டு. முதலாவது, திருப்பூரில் ஜாப் வொர்க் என்கிறார்களே, அது. வெளிநாட்டு நிறுவனம் தன் துணியை அனுப்பித் தைத்து வாங்கினால், துணியின் உடைமை மாறவில்லை. 2008-ஆம் ஆண்டின் ஐ.நா. தேசியக் கணக்கு முறைப்படி தையல் கூலி மட்டும்தான் ஆலையின் உற்பத்தி. சுங்கத் துறையோ முழுச் சட்டையின் மதிப்பையும் ஏற்றுமதி என்று எழுதும். மீன் துண்டமாக்கும் ஆலைகளுக்கும் இதே விதி.

இரண்டாவது, மொரிஷியஸ் முதலாளிகள் மடகாஸ்கரில் நடத்தும் தொழிற்சாலைகள். அங்கே தைத்தது மடகாஸ்கரின் உற்பத்தி. லாபம் மட்டும் வருமானக் கணக்கில் திரும்பும். மூன்றாவது, மொரிஷியஸ் தொழிற்சாலைகளில் வங்கதேசத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள் கணிசம். அவர்கள் செய்தது மொரிஷியஸின் உற்பத்திதான். ஆனால் தலைக்கு எவ்வளவு என்று வகுக்கும்போது வேலையாட்கள் கணக்கில் அவர்களைச் சேர்த்தார்களா என்று பார்க்காவிட்டால் உற்பத்தித்திறன் ஊதிப்போய்த் தெரியும்.

காலக்கோட்டையும் மனதில் வையுங்கள். மொரிஷியஸுக்கு அடி 2005 ஜனவரியில், நாடுவாரியாகத் துணி, ஆடை இறக்குமதிக்கு உச்ச அளவு வைத்த உலகத் துணி ஒதுக்கீட்டு முறை முடிந்தபோது. ஃபிஜிக்கு அதற்கு முன்பே, 2000-ல் விழுந்தது: மே மாத ஆட்சிக் கவிழ்ப்பும், அதன் ஆடைத் தொழிலுக்குக் கைகொடுத்த ஆஸ்திரேலிய இறக்குமதி வரவுத் திட்டம் (ஏற்றுமதிக்கு ஈடாக இறக்குமதி வரிச்சலுகை தந்தது) முடிந்ததும் ஒரே ஆண்டில். 2000-ஐ அடிப்படையாக்கினால் ஃபிஜி நிலையாக நின்றதுபோலவும் மொரிஷியஸ் சரிந்ததுபோலவும் தோன்றும். 1995-ஐ எடுத்தால் கதை வேறு.

ஃபிஜியின் பாட்டில் தண்ணீரை எப்படிக் கணக்கில் கொள்வது?

விட்டி லெவு தீவின் யக்காரா பள்ளத்தாக்கில் நிலத்தடி ஊற்றிலிருந்து எடுத்து அங்கேயே அடைக்கிறார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. மூலப்பொருளுக்கு விலை ஏறக்குறைய இல்லை. செலவு பாட்டில், மூடி, அட்டைப் பெட்டி, கப்பல் கூலி. ஒரே குழுமத்தின் இறக்குமதிக் கிளைக்கு விற்கும் எந்த ஏற்றுமதியிலும், தீவில் பதிவாகும் விலை குழுமத்துக்குள் போட்ட விலை; அமெரிக்கக் கடை விலையை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் தவறாகும். வரியும் பார்க்க வேண்டும்: 2010-ன் கடைசியில் அரசு, மாதம் 35 லட்சம் லிட்டருக்கு மேல் எடுப்பவர்களுக்கு லிட்டருக்கு 15 செண்ட் வரி போட்டது. இப்படி ஒரு வரியைப் பொருள் வரி (பொருளின் அளவையோ விலையையோ பொறுத்துப் போடுவது) என்று வகைப்படுத்தினால் அடிப்படை விலையிலான கூட்டிய மதிப்பில் அது சேராது. வேறு உற்பத்தி வரி (நில வரி, தொழில் உரிமக் கட்டணம் போல) என்றால் சேரும். அட்டவணையின் அடிக்குறிப்பில் எந்த விலை என்று பாருங்கள்.

காலாண்டுக் குறியீட்டை ஒப்பிடலாமா?

ஒரே நாட்டுக்குள், போன ஆண்டின் அதே காலாண்டோடு மட்டும். கரும்பு அரவை இரண்டு நாட்டிலும் ஏறத்தாழ ஜூனில் தொடங்கி ஆண்டின் கடைசி வரை ஓடும். ஜனவரி–மார்ச்சை முந்தைய காலாண்டோடு வைத்தால் எப்போதுமே சரிவுதான். ஒரு நாட்டின் குறியீடு 118, மற்றதன் குறியீடு 104 என்பதற்கு அளவில் பெரியது சின்னது என்ற பொருள் இல்லவே இல்லை.

நானே ஒரு ஒப்பீட்டு அட்டவணை போட வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் இரு நாட்டுப் புள்ளிவிவரத் துறைகளின் தேசியக் கணக்கிலிருந்து ‘சி’ பிரிவின் கூட்டிய மதிப்பை நடப்பு விலையில், உள்நாட்டு நாணயத்தில் எடுங்கள். காலண்டர் ஆண்டா என்று உறுதி செய்யுங்கள். மொரிஷியஸின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது, ஃபிஜியின் நிதியாண்டு 2016 முதல் ஆகஸ்டில். வரவுசெலவு ஆவணத்தில் உள்ள எண்ணைத் தேசியக் கணக்கு எண்ணோடு கலந்தால் ஆறு ஏழு மாதம் தள்ளிப்போகும்.

அடுத்து சர்க்கரையை இரண்டு பக்கமும் பிரித்து, ‘மொத்தம்’, ‘சர்க்கரை நீங்கலாக’ என இரண்டு வரி வையுங்கள். பின் அளவுக்கு ஒரு நிரல்: மூன்று ஆண்டுச் சராசரியை அந்த ஆண்டுகளின் சராசரி நாணய மாற்றால் வகுத்தது. ஆண்டுக் கடைசி நாளின் மாற்று வீதம் வேண்டாம். வளர்ச்சிக்கு ஒரு நிரல்: நிலையான விலைக் குறியீடு, உள்நாட்டு நாணயத்தில். இந்த இரண்டையும் ஒரே நிரலில் கலக்காதவரை பெரிய பிழை வராது.

கடைசியாக உலக வங்கி, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பின் எண்களோடு ஒத்துப் பாருங்கள். ஓரிரு சதவீத வேறுபாடு இயல்பு. 10 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அடிப்படை ஆண்டு மாற்றம், விலை வகை வேறுபாடு, அல்லது அந்த மூலம் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களை மட்டும் எடுத்தது. கடைசிக் காரணம் தொழில்வாரி நிறுவனக் கணக்கெடுப்புகளில் அடிக்கடி வரும். மொரிஷியஸின் கணக்கெடுப்பில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ‘பெரியவை’. அவற்றை மட்டும் எடுத்தால் தையல் கடை, பேக்கரி, தச்சுப் பட்டறை எல்லாம் விட்டுப்போகும்.

ஓர் ஆண்டில் மட்டும் வரிசை திடீரெனத் தாவுகிறது. நிஜமா, கணக்கா?

நான்கு இடங்களில் தேடுங்கள். அந்த ஆண்டின் கரும்பு டன், புயல் தேதி, நாணய மதிப்புக் குறைப்பு, அடிப்படை ஆண்டு மாற்ற அறிவிப்பு. நான்கிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வகைப்பாடு மாறியிருக்கும்: ஐசிக் மூன்றாம் திருத்தத்திலிருந்து நான்காவதுக்கு மாறியபோது பதிப்பகத் தொழில் ஆலை உற்பத்தியிலிருந்து தகவல் துறைக்குப் போனது, இயந்திரப் பழுதுபார்ப்பு 33-ஆம் பிரிவாக ஒரே இடத்தில் சேர்ந்தது. பழைய வரிசையைப் புதிய வரிசையோடு ஒட்டும்போது, இரண்டும் கிடைக்கும் ஓர் ஆண்டைப் பிடித்து அதன் விகிதத்தால் பழையதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய ஆண்டை அட்டவணையின் கீழே எழுதி வைத்தால் அடுத்து எடுப்பவர் உங்களைத் திட்டமாட்டார்.